மாலை போடாத படம்

ஆரணி, 12.3.1973, திங்கள்

போர் விமானிகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கி நான் சேர்த்து வைத்திருக்கும் படங்களில், ஒன்றில் இருக்கும் பையனுடைய அம்மா இன்று வந்தவாசியிலிருந்து வந்திருந்தார். 71 சண்டையில் விமானத்தோடு காணாமல் போன பையன், உடல்கூடக் கிடைக்கவில்லை. அவன் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பிய படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எடுத்துகினு போங்கம்மா,” என்றேன்.

“வேணாம்மா. வூட்ல இருந்தா அவங்கப்பா மாலை போட்டுடுவாரு. திதி குடுத்துடலாம்னு தெனமும் பேஜார் பண்ணிகினு இருக்காரு. இங்கயே இருக்கட்டும்.”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “நீங்க இன்னொரு லெட்டர் போட்டுப் பாருங்களேன். உங்களுக்குப் பதில் போட்டவன்தானே.”

போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பதில் வந்ததா என்று கேட்க அடுத்த மாதம் வருவாராம்.