பூட்டிய போனும் பதினோரு அழைப்பும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். அவருக்கு முழங்கால் வலி வழக்கம்போல், எனக்குக் கோபம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம், மற்றபடி குறையொன்றும் இல்லை. குட்டி குப்புற விழுந்த படம் வந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு அந்தக் கைகளைப் பார், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற பிடி என்றார். ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் ஆகியும் அந்த மனுஷனுக்கு உலகமே பஸ்தான்.

வாரா வாரம் போனில் பேசுகிறோமே, எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டியா என்கிறாய், நான் சாப்பிட்டேன் என்கிறேன், அப்பா எப்படி என்கிறாய், நல்லா இருக்கார் என்கிறேன், அதோடு சரி. குழந்தை பிறந்து மூன்றாம் நாள் நீ ஒரே ஒரு தடவை ஏம்மா எடுக்கலே என்று கேட்டாய். அதற்கு அப்புறம் கேட்கவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நானும் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அப்போது என்னிடம் இருந்தது சாக்குதான், பதில் இல்லை. இப்போது இருக்கிறது. முழுசாகப் படி, நடுவில் எழுந்து போகாதே.

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தைப் புதுக் கட்டடத்தின் அடித்தளத்துக்கு மாற்றினார்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஜன்னல் கிடையாது, நாலு பக்கமும் சுவர், நடுவில் பெரிய உருளை இஸ்திரி மெஷின், நாள் பூரா ஆவி. அங்கே நம் போனின் கம்பெனிக்கு ஒரு புள்ளி சிக்னல்கூட வராது, இன்னொரு கம்பெனிக்கு மட்டும் முழுசாக வரும். சிம்மை மாற்றிவிடலாம் என்று அந்த இன்னொரு கம்பெனி சிம்மை வாங்கிப் போட்டுப் பார்த்தேன், இந்த சிம் ஏற்கப்படாது என்று வந்துவிட்டது. நம் போன் கம்பெனிக்காரன் பூட்டு வைத்து விற்ற போனாம். அவன் சிம்மைத் தவிர வேறெதுவும் அதில் ஓடாதாம். திறக்க ஒரு நம்பர் இருக்கிறது, அதை அவன்தான் தரவேண்டும். ரெண்டு வருஷத்துக்குத்தான் பூட்டு என்று வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள், அந்த ரெண்டு வருஷமும் முடிந்துவிட்டது. வேறு போன் வாங்கித் தொலைத்திருக்கலாமே என்பாய். நல்லா இருக்கிற போனை வைத்துக்கொண்டு எதற்கு இன்னொன்று என்ற என் பிடிவாதம் அது. அந்தப் பங்கு என்னுடையது, அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை.

கம்பெனியின் கிளை ஆபீஸ் கடைத்தெருவில் இரண்டாவது மாடி. மேனேஜர் ஒருத்தர், எப்போதும் சிரித்த முகம். அப்பா அவருக்கு வைத்த பெயர் சிரிச்சமூஞ்சி. முதல் தடவை போனபோது பில் கொண்டு வாங்கம்மா என்றார். இரண்டாம் தடவை பில்லோடு போனேன், போன் வந்த அட்டைப்பெட்டி வேணுமே என்றார். பரண்மேல் ஏறித் தேடி எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் தடவை கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இது உங்க வீட்டுக்காரர் பேர்லதானே இருக்கு, அவர் நேர்ல வந்தாத்தான் ஆகும் என்றார். வாங்கும்போது அப்பாவின் அடையாள அட்டையைத்தான் கொடுத்திருந்தேன். அவரால நடக்க முடியாது சார் என்றேன். ரூல்ஸும்மா, நான் என்ன பண்ண என்று சிரித்தார்.

நாலாம் தடவை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கட்டடத்தில் லிப்ட் வேலை செய்யவில்லை. முப்பத்தெட்டு படி. நாலுகால் குச்சியை ஒரு படி மேலே வைப்பார், அப்புறம் நல்ல காலை வைப்பார், அப்புறம் வலிக்கிற காலை இழுப்பார், நான் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கிக்கொள்வேன். மேலே போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சிரிச்சமூஞ்சி நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடடா, இன்னிக்கு சிஸ்டம் ஸ்லோவா இருக்கே, நாளைக்கு வாங்களேன் என்றார். அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார். நான்தான், பக்கத்து கவுண்டரில் ஒருத்தருக்குப் புது சிம் போடுறாங்களே சார், அந்த சிஸ்டம் மட்டும் ஓடுதா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். புதுசா வர்றவங்களுக்கு ஓடும்மா, போறவங்களுக்குக் கொஞ்சம் ஸ்லோவாத்தான் ஓடும். சொல்லிவிட்டு கவுண்டர் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை, குனிந்துகொண்டாள். நாங்கள் இறங்கி வந்தோம். அதற்கப்புறம் மூன்று வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. அசிங்கப்பட்ட இடத்துக்கு மறுபடி போகக் கால் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த மூன்றாவது வாரத்தில்தான் உனக்குக் குறித்த நாளுக்கு ஐந்து வாரம் முன்னாடியே வலி எடுத்தது. மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூரில். உடனே ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். நீ தனியாகக் கையெழுத்துப் போட்டாய். போடுவதற்கு முன்னால் என் குரலை ஒரு தடவை கேட்கலாம் என்று கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை என்று மறுபடி மறுபடி கூப்பிட்டாய். எங்கள் ஆஸ்பத்திரி போர்டு நம்பருக்கும் அடித்தாயாம், சலவைக்கூடத்துக்கு இன்னும் லைன் இழுக்கலைங்க என்றார்களாம். நான் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஆபரேஷன் தியேட்டருக்குப் பச்சைத்துணி மடித்துக்கொண்டிருந்தேன். யார் பெற்ற பெண்ணுக்கோ. ஷிப்ட் முடிந்து படியேறி வெளிவாசலுக்கு வந்ததும் பையிலிருந்த போன் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தது. பதினோரு அழைப்பு. திருப்பி அடித்தால் நீ எடுக்கவில்லை. யாரோ ஒரு நர்ஸ் எடுத்து எனக்குப் புரியாத உங்கள் ஊர்ப் பாஷையில் என்னவோ சொன்னாள். அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மாப்பிள்ளை கூப்பிட்டுச் சொல்கிறவரைக்கும், உனக்கு என்ன ஆச்சு, குழந்தை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நான் இருந்த அந்த நாலு மணி நேரத்துக்கு யாராவது பதில் சொல்ல வேண்டாமா? வேண்டும் என்று அந்தப் படியிலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

போன் வாங்கும்போது கொடுத்த விண்ணப்பத்தின் நகலை அப்பாவிடம் கொடுத்தேன். பின்பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. லென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முப்பது வருஷம் டிக்கெட் செக்கரா இருந்தவன்டி நான், பின்பக்கத்தைப் படிக்காம விடுவேனா என்றார். பதினேழாவது விதியில் விரலை வைத்தார். ரெண்டு வருஷம் முடிந்த போனைத் திறக்கும் நம்பரை எழுத்துமூலம் கேட்டால் இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும், யாரும் நேரில் வரத் தேவையில்லை. வரத் தேவையில்லை என்ற இடத்தை அப்பா இரண்டு தடவை வாசித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த முப்பத்தெட்டு படியைத்தான் நினைத்தார் என்று எனக்குத் தெரியும்.

பதிவுத் தபாலில் கடிதம் போட்டோம். இரண்டாவது நாளே நம்பர் வந்துவிட்டது. அடித்தேன், பூட்டு திறக்கப்பட்டது என்று வந்தது. புது சிம்மைப் போட்டுக்கொண்டு அடித்தளத்தில் இறங்கினேன், நாலு புள்ளியும் நிமிர்ந்து நின்றது. அப்பா, வேலை முடிஞ்சுதே, இதோட விடேன் என்றார். எது முடிஞ்சுது என்று கேட்டேன். அவர் பேனாவைத் திறந்துகொண்டு, வெள்ளைத்தாள் எத்தனை வேணும் என்று கேட்டார். கட்டினவர் என்றால் இவர் கட்டினவர்.

இரண்டு வருஷம் முன்னால் அந்தக் கம்பெனிக்காரர்கள் எங்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே கடை போட்டு, ஊழியர் சலுகை என்று கூவி இதே போனை விற்றார்கள். வாங்கிய எல்லாருக்கும் பூட்டுக்காலம் ஒரே மாதத்தில் முடிந்திருந்தது. சலவைக்கூடம், சமையல்கூடம், வார்டு ஆயாக்கள், காவலாளிகள், நாலு நர்ஸ்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். விதியைச் சொன்னேன். உன் கதையையும் சொன்னேன், மன்னித்துக்கொள், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா முத்து முத்தான கையெழுத்தில் ஒரு மாதிரிக் கடிதம் எழுதினார், அதை நகல் எடுத்து அவரவர் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு திங்கட்கிழமை, காலை ஷிப்ட் முடிந்து, சீருடைகூட மாற்றாமல் அறுபத்திமூன்று பேர் அந்தப் படியேறினோம். வரிசை இரண்டாவது மாடியிலிருந்து தெரு வரைக்கும் நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிதம், ஒரு நகல். நகலில் தேதியோடு முத்திரை வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை.

சிரிச்சமூஞ்சி அறையிலிருந்து வெளியே வந்து, என்னம்மா இது, ஊர்வலமா என்றார். வரிசை சார் என்றேன். சிஸ்டம் என்று ஆரம்பித்தார். ஸ்லோவா இருந்தா பரவாயில்ல சார், நாங்க உட்கார்ந்திருக்கோம் என்றேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள், நாற்காலியில், தரையில், படியில். புது சிம் வாங்க வந்தவர்கள் கூட்டத்தைப் பார்த்து விஷயத்தை விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அந்தக் கவுண்டர் பெண் முத்திரையை எடுத்து டப்டப்பென்று குத்த ஆரம்பித்தாள் பார், அறுபத்திமூன்றிலும் ஒன்றுகூடக் கோணவில்லை. இரண்டே நாளில் எல்லோருக்கும் நம்பர் வந்தது. அந்த வாரமே எல்லோரும் சிம்மை மாற்றிவிட்டார்கள். கேள்விப்பட்டு மாறியவர்கள் தனி. அடுத்த மாதம் வாசலில் இருந்த கடையைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். நான் டீ டம்ளரோடு நின்று கடைசித் தகரம் ஏறுகிறவரைக்கும் பார்த்தேன். டீ அன்றைக்கு நன்றாக இருந்தது.

அதற்குள் நான் குறைதீர்ப்பு ஆபீசுக்கும் எழுதியிருந்தேன். கம்பெனிக்கு நோட்டீஸ் போயிருந்தது. ஒருநாள் மதியம் சிரிச்சமூஞ்சி எங்கள் அடித்தளத்துக்கே இறங்கி வந்துவிட்டார். ஆவியில் கண்ணாடி மூடிக்கொண்டு, யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் தடவிக்கொண்டு நின்றார். புகாரைத் திரும்ப வாங்கிக்கணும்மா, என் வேலைக்கே உலை வெச்சுடும், எங்க பெரியவர்கிட்டே நீங்களே ஒரு வார்த்தை பேசுங்க என்று போனை எடுத்தார். காதில் வைத்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார். நான் மெஷினை நிறுத்தவில்லை. என்ன சார், சிக்னல் இல்லியா என்றேன். இல்லம்மா என்றார். இங்கதான் சார் நான் நின்னுட்டிருந்தேன், என் பொண்ணு பதினோரு தடவை கூப்பிட்டா என்றேன். முதல் தடவையாக அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா என்றார். எதுக்கு வேணும்னு நீங்க கேட்கவே இல்லையே சார் என்றேன். படி எந்தப் பக்கம் என்று நான் காட்டவில்லை, அவராகவே தேடிக்கொண்டு போனார்.

போன வியாழக்கிழமை விசாரணை. சின்ன அறை, நீள மேஜை, அதிகாரி ஒரு அம்மா. அப்பா வந்தே தீருவேன் என்று வந்தார், நல்லவேளை தரைத்தளம். கம்பெனி தரப்பில் ஒரு டைப் அடித்த தாளை நீட்டினார்கள். வாடிக்கையாளருக்கு நேர்ந்த அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரே வரி. போதுமா என்று அதிகாரி அம்மா கேட்டார். போதாதுங்க, எனக்கு எதுவும் வேண்டாம், இவர் என் பொண்ணுக்குக் கைப்பட எழுதணும் என்றேன். அவருக்குத் தாளைக் கொடுத்தார்கள். முதல் தடவையும் வருந்துகிறோம் என்றே எழுதினார். அந்த 'றோம்' யாரு சார், அன்னிக்கு நீங்க ஒருத்தர்தானே உட்கார்ந்திருந்தீங்க என்றேன். இன்னொரு தாளில் வருந்துகிறேன் என்று எழுதினார். அசௌகரியம்னா என்னன்னு என் பொண்ணுக்குப் புரியாது, என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க என்றேன். மூன்றாவது தாள் எடுத்தார். அப்பா எட்டிப் பார்த்து, படி முப்பத்தெட்டு, அதையும் சேர்த்துக்குங்க என்றார். சிரிச்சமூஞ்சி குனிந்து அதையும் எழுதினார். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை, கண்ணு. தோன்றும் என்று காத்துக்கூடப் பார்த்தேன். இப்போது அவர் மேனேஜர் இல்லை, அதே ஆபீசில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார். முந்தாநாள் வேலையே இல்லாமல் மேலே ஏறிப் போய் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். உன் அம்மா இவ்வளவு பொல்லாதவளா என்று உனக்கு வருத்தமாக இருந்தால் இருக்கட்டும்.

சரி, உன் உடம்புக்கு வருகிறேன். தையல் போட்ட இடத்தில் இன்னும் சுருக்கென்கிறது என்றாயே, துணிக்கூடையை நீ தூக்காதே, மாப்பிள்ளையைத் தூக்கச் சொல். தண்ணீர் நிறையக் குடி. குட்டிக்கு அடுத்த ஊசித் தேதியைக் காலண்டரில் குறித்து வை. புது நம்பரை மாப்பிள்ளை போனிலும் போட்டு வை, வேலை நேரம் என்று பார்க்காதே, இப்போது மெஷின் பக்கத்திலேயே போன் இருக்கிறது. நீயும் அவரும் குட்டியும் நோய்நொடி இல்லாமல், நினைத்த நேரத்துக்கு நினைத்தவர் குரல் கேட்டு, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் இதையேதான் சொல்லச் சொன்னார்.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு தாள் மடித்து வைத்திருக்கிறேன், அதுதான் அவர் எழுதின மூன்றாவது தாள். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி, பத்திரமாக வைத்தாலும் சரி. அவரை மன்னிக்கிறதும் மன்னிக்காததும் உன் இஷ்டம். மன்னித்துவிட்டாயானால் மட்டும் எனக்குச் சொல்லாதே. இன்னும் கொஞ்ச நாளைக்கு நான் இந்தக் கோபத்தோடேயே இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அழைப்பை எடுக்க முடியாமல் போன
அம்மா