புடி, உடு

ஜனவரி 17, வெள்ளி

சர்வர் இல்லை. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு வந்தவர்களிடம் "இன்னும் வரலைங்க" என்று சொல்லியே வாய் வலித்தது. சாயங்காலம் திருக்கோகர்ணம் மைதானத்தில் பயிற்சி. வலது முட்டியை மடக்கினால் சத்தம் வருகிறது. முப்பத்திரண்டு வயதில் கபடி ஆடுகிறவளை யாரும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை, பாவமாகத்தான் பார்க்கிறார்கள்.

நாளை மறுநாள் நார்த்தாமலையில் பொங்கல் போட்டியின் இறுதி ஆட்டம். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் சார்லஸ் சார் வருகிறார். ஹரிணிக்காகவாவது ஜெயிக்க வேண்டும். காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிறாள். மாவட்ட அணிச் சான்றிதழ் கிடைத்தால் போலீஸ் வேலைக்குக் கை கொடுக்கும் என்று அதையே பேசிக்கொண்டிருக்கிறாள். எங்கள் இடது கார்னர் அவள்தான். கணுக்காலைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள்.

ஜனவரி 19, ஞாயிறு

தோற்றுவிட்டோம். ஒரே ஒரு பாயிண்ட். ஹரிணி பிடித்திருக்கக் கூடாது. காதுக்குள் எல்லாம் மண். படுக்கப் போகிறேன்.

ஜனவரி 20, திங்கள்

28–27. நாங்கள்தான் முன்னால். கடைசி ரெய்டு. பாடி வந்த பெண்ணை யாரும் தொடாமல், அவளிடமும் தொடு வாங்காமல் ஒதுங்கி நின்றால் போதும், கோப்பை எங்களுக்கு. நான் கேப்டன், நடுவில் நின்றேன். அவள் திரும்பியதும் "உடு" என்று கத்தினேன். ஹரிணி பாய்ந்து காலைப் பிடித்தாள். அவளோடு கை கோத்திருந்த அமுதவல்லியும் சேர்ந்து விழுந்தாள். அந்தப் பெண் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டே போய்க் கோட்டைத் தொட்டுவிட்டாள். அவர்களுக்கு இரண்டு பாயிண்ட்.

"உடுன்னு கத்துறேன், எதுக்குடி புடிச்ச?" என்று கேட்டேன்.

"புடின்னுதானக்கா சொன்னீங்க."

மைக் செட், விசில், கூட்டம் — புடியும் உடுவும் ஒன்றுபோலக் காதில் விழுந்திருக்கலாம். ஆனால் ஸ்கோர் தெரிய வேண்டாமா? எரிச்சலாக இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

சார்லஸ் சார் போன் செய்தார். ஹரிணி எப்படி என்று கேட்டார்.

"கையி காலெல்லாம் நல்லாருக்கு சார். காதுதான் கேக்காது. மூணு தடவ உடுன்னு கத்துனேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜனவரி 29, புதன்

முட்டிக்கு எண்ணெய் போட்டேன். ஒன்றும் குறையவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

ஹரிணியின் ஆட்டம் கெட்டுப்போய்விட்டது. ரெய்டர் உள்ளே வந்தால் அவள் கண் ரெய்டரின் இடுப்பில் இருக்க வேண்டும். இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ, கால் அங்கேதான் போகும். இவள் என் வாயைப் பார்க்கிறாள். நான் சொல்லி, அவள் காது வாங்கி, கை நீள்வதற்குள் கால் கோட்டைத் தாண்டியிருக்கிறது. யோசித்துப் பிடிக்கிற கார்னர் எதற்கு?

"என்னடி தூங்குறியா?" என்றேன். "நீங்க சொல்லட்டும்னு பாத்தேங்க்கா" என்றாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாவட்ட அணிப் பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இருக்கிறது. ஹரிணி பெயர் இல்லை.

ஹரிணி போனில் அழவில்லை. "பரவால்லக்கா. என் தப்புதானே. நீங்க அம்புட்டுக் கத்தியும் நான் கேக்கல" என்றாள். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாளே என்று இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

என் வீட்டுக்காரர் போனில் இடம் இல்லையாம், வேண்டாத வீடியோவை அழித்துத் தரச் சொன்னார். கோயில், கல்யாணம், லாரி டயர். நடுவில் நார்த்தாமலை. நாற்பது விநாடி. எனக்கு நேர் பின்னால், கோட்டை ஒட்டி நின்று எடுத்திருக்கிறார். என் குரல் அவ்வளவு பக்கத்தில்.

"புடி! புடி!"

ரெண்டு தடவ. உடு இல்ல. எங்கயுமே இல்ல. பதினோரு தடவ போட்டுப் பாத்துட்டேன். ஐயோ, நான் என்ன பண்ணிருக்கேன் அந்தப் புள்ளைய?

பன்னிரண்டு வருடமாக ரெய்டர் முதுகு காட்டினால் என் வாய் "புடி" என்றுதான் சொல்லும். ஸ்கோர் வாய்க்குத் தெரியாது. அது சரி. ஆனால் இந்த "உடு" எங்கிருந்து வந்தது? கத்தியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது, தொண்டை கிழிந்ததுகூட. தோற்ற பிறகு, உடு என்று சொல்லியிருக்கலாமே என்று நினைத்திருப்பேன். நினைத்ததைச் சொன்னதாக்கிவிட்டேன்.

இந்த நோட்டையே திருப்பிப் பார்த்தேன். பத்தொன்பதாம் தேதி கத்தியதாக ஒன்றும் இல்லை. இருபதாம் தேதி ஒரு தடவை கத்தியிருக்கிறேன். இருபத்தாறாம் தேதி மூன்று தடவை. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் காலில் விழுந்து கெஞ்சினேன் என்றுகூட எழுதியிருப்பேன்.

"ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?" என்று அவரிடம் கேட்டேன்.

"தெரியும். தோத்துட்டு வந்து அழுதுக்கிட்டுக் கெடந்த. அப்ப போயி என்னத்தச் சொல்றது? அதுக்கப்பறம் நீ கேக்கவே இல்ல."

பிப்ரவரி 12, புதன்

அரை நாள் லீவு போட்டுவிட்டு சார்லஸ் சாரைப் பார்த்து வீடியோவைக் காட்டினேன். போனைக் காதில் வைத்துக் கேட்டார்.

"லிஸ்ட் போயிருச்சேம்மா. யாராச்சும் வெளிய வந்தாத்தான் உண்டு."

"நான் வந்துர்றேன் சார்."

"முட்டின்னு காரணம் எழுதிக்கவா?"

"என்னமும் எழுதிக்கங்க."

டவுன் பஸ்ஸில் உட்கார்ந்ததும் பெரிய தியாகம் செய்தவள் மாதிரி நினைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. அப்படி ஒன்றும் இல்லை. களைத்துவிட்டேன். விலகிக்கொள்ள ஒரு சாக்கு கிடைத்தது, அதுவும் நல்ல சாக்கு. இதை இப்போதே எழுதி வைக்கிறேன். நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வந்துவிடும்.

பிப்ரவரி 13, வியாழன்

காலேஜ் வாசலில் ஹரிணிக்காக நின்றேன். அணியில் இடம் கிடைத்ததை சார் ஏற்கனவே சொல்லிவிட்டார் போல, சிரித்துக்கொண்டே வந்தாள். போனைக் கொடுத்தேன். இரண்டு தடவை பார்த்தாள்.

"புடின்னுதான் கேக்குது" என்றாள்.

"ஆமாடி. நாந்தான் சொன்னேன். ஒன்மேல தப்பே இல்ல."

"ஆனா எனக்கு உடுன்னுதாங்க்கா ஞாபகம் இருக்கு. கண்ண மூடுனா ஒங்க கொரல் உடு உடுன்னுதான் வருது."

"அன்னைக்கு மைதானத்துல வச்சு நீதானடி சொன்ன, புடின்னு கேட்டுச்சுன்னு?"

என் முகத்தையே பார்த்தாள். "அப்பிடியா சொன்னேன்?"

பக்கத்துக் கடையில் டீ சொல்லி இரண்டு பேரும் குடித்தோம். மன்னிச்சுக்க என்றேன். "அட, விடுங்கக்கா" என்றாள்.

பிப்ரவரி 20, வியாழன்

மன்னிப்பு கேட்டேன், கொடுத்துவிட்டாள். அன்றைக்கு அவள் காதில் சரியாக விழுந்ததை மட்டும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

திண்டுக்கல்லில் மாநிலப் போட்டி. நான் போகவில்லை. துணி துவைத்தேன், முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தேன், மத்தியானம் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

நான்கு மணிக்கு ஹரிணியின் வாய்ஸ் மெசேஜ். பின்னால் ஒரே விசில் சத்தம்.

"அக்கா, செகண்ட் ஆஃப்ல எறக்குனாங்க. ரெண்டு புடி புடிச்சேங்க்கா! ரெண்டு தடவையும் ஒங்க கொரல் உடுன்னுச்சு. நான் கேக்கல. புடிச்சுட்டேன்."

வாழ்த்து என்று தட்டி அழித்தேன். பிறகு, "இனிமேலும் கேக்காத" என்று அனுப்பினேன்.