முப்பத்துமூன்றும் முப்பத்தொன்றும்

சான் ஹெரோனிமோ மனநல விடுதி
9 ஜூன் 1998

அன்புள்ள நேலிதா அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதற்காகப் பதறாதே. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சுவரைப் பார்க்கிறேன். டீ போட்டுக் குடிக்க நீ அனுப்பிய மாத்தே இலைப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை.

டாக்டர் ஒலிவேரா நல்ல பெண். "எப்பவாவது அளவுக்கு மீறி சந்தோஷமா, தூக்கமே வேணாம்னு இருந்திருக்கீங்களா?" என்று கேட்டார். "சந்தோஷமா இருந்தா இங்க ஏம்மா வர்றேன்?" என்றேன். சிரித்துவிட்டு, மனச்சோர்வு, மூன்றாம் முறை என்று எழுதினார்.

நோய்ப் பட்டியலில் உள்ள எண்ணைப் போட என் தாள் உன் அலுவலக மேசைக்குத்தானே வரும்? வாயைத் திறந்துவிடாதே. அந்த இன்னொரு பெயர் விழுந்தால் படகோட்டும் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். எனக்கு இருப்பது அந்தப் படகு ஒன்றுதான் அக்கா.

உன் தம்பி,
வில்மார்

பைசாண்டு
17 ஜூன் 1998

அன்புத் தம்பி வில்மாருக்கு,

உன் தாள் வந்தது. டாக்டர் எழுதியதற்கு எண் போடுவதுதான் என் வேலை. எனக்குத் தெரிந்ததை நான் சேர்க்கக் கூடாது. மனச்சோர்வுக்கு உரிய முப்பத்துமூன்றைப் போட்டு முத்திரையும் குத்தினேன். மனம் மரத்துப்போயிருந்தது.

பிறகு மருந்துச் சீட்டைப் பார்த்தேன். போன கோடையில் உனக்குக் கொடுத்த அதே மாத்திரை. அதை விழுங்கத் தொடங்கிய பிறகுதானே அந்தக் கார்னிவல் திருவிழா வாரம்? நாலு நாள் நீ கண் மூடவில்லை. இருபது பேர் ஏறும் படகில் ஊரையே ஏற்றிக்கொண்டு, "ஆறு நான் சொன்னா கேக்கும், பாருங்கடா!" என்று கத்திக்கொண்டே மணல்திட்டில் மோதினாய். பிள்ளைகள் தண்ணீரில் விழுந்தார்கள். எல்லாரையும் தூக்கிவிட்டோம். நீ சிரித்துக்கொண்டே நின்றாய். தண்ணீர் குறைவு என்று சொல்லித் துறைமுகத்தில் சமாளித்தோம்.

அலுவலக மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். உன் அக்காவாக டாக்டர் முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "இத ஒருத்தரும் எனக்குச் சொல்லலியே!" என்றார். வெறிக் களிப்பும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய் என்று திருத்தி எழுதி, மாத்திரையையும் மாற்றினார். அந்தத் தாளும் என் மேசைக்கே வந்தது. அதற்குரிய முப்பத்தொன்றைப் போட்டேன்.

அங்கு வந்தும் உன்னைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. திட்டியாவது எழுதுடா.

உன் அக்கா,
நேலிதா

புவேர்ட்டோ லூனா
2 செப்டம்பர் 1998

திருமதி நேலிதா அவர்களுக்கு,

திட்டி எழுதச் சொன்னீர்கள். கோபம் வந்தால்தானே எழுத? புது மாத்திரை நன்றாக வேலை செய்கிறதாம். அதனால் விரல் நடுங்குமாம், எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உரிமத்தை ஒப்படைத்துவிட்டேன். படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது என் படகை வேறொருவன் அக்கரைக்கு ஓட்டிப் போனான். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

நீங்கள் செய்தது சரிதான். பிள்ளைகள் தண்ணீரில் விழுந்தது எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் வாழ்ந்தேன் என்று நான் நம்பியிருந்தது அந்த மாதிரி நாட்களைத்தான். அவற்றை நோய் என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள்.

நேற்று பரிசோதனைக்குப் போனேன். "வீட்ல யாரு இருக்காங்க? இனிமே அவங்களையும் கேட்டுத்தான் எழுதுவேன்" என்றார் டாக்டர்.

"யாரும் இல்லம்மா."

"அக்கா வந்தாங்களே?"

"எனக்கு அக்கா இல்ல."

யாருமில்லாதவர் என்று எழுதிக்கொண்டார்.

யாருமில்லாதவர்களுக்கும் ஓர் எண் இருக்கிறதாம். தாள் இந்த வாரம் உங்கள் மேசைக்கு வரும். டாக்டர் எழுதியபடியே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வில்மார்