பேப்பர் கப்பில் ஒரு வெங்காயம்

மாப்ள,

இன்று காலை வெங்காய மண்டியைத் திறந்ததும் ஜன்னலோரம் இருந்த பேப்பர் கப்பை எடுத்துப் பார்த்தேன். அதில் ஊன்றிய சின்ன வெங்காயம் கிழவன் தாடி மாதிரி வெள்ளையாக வேர் விட்டிருந்தது. மண்ணை மூக்கருகே கொண்டுபோனேன். மண் வாசனை மட்டும்தான். உடனே உன் நினைப்பு வந்துவிட்டது. எதிரே உன் டீக்கடையில் இப்போது உன் மருமகன் நிற்கிறான். டீ நன்றாகத்தான் போடுகிறான். என்னைத் திட்டத்தான் தெரியவில்லை.

அந்த டிப்பர்காரன் வந்த நாளை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. மழை பெய்தால், வெங்காயம் சேமித்து வைக்கும் என் பட்டறைக்கு அடியில் தண்ணீர் நிற்கும். விதைக்கு வைத்தது அழுகும். மேடாக்க மண் தேடிக்கொண்டிருந்தேன். "கெமிக்கல் கம்பெனியில பள்ளம் தோண்டுறாங்க. இடம் மட்டும் காட்டுங்கண்ணே, நாங்களே கொட்டிட்டுப் போயிடறோம்" என்றான். பத்து லோடு, ஓசியில். வெங்காயத் தோலைத் தடவியே தரம் சொல்கிற நான், அந்த மண்ணைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. உன்னைக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டினேன்.

சவுதியில் பதினெட்டு வருஷம் கெமிக்கல் டேங்க் கழுவியவன் நீ. குனிந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தாய்.

"யா அல்லாஹ்! இது மண்ணு இல்ல மாப்ள, கழிவு. இத எங்க கொண்டுபோயி தள்றதுன்னு அவன் முழிச்சிக்கிட்டு இருந்திருக்கான். ஊரையே விலை பேசுற உன் தலையில கட்டிட்டுப் போயிட்டான் பாரு!"

"உன் சவுதி மூக்கைக் கழட்டி வை" என்று சிரித்து மழுப்பினேன்.

இரண்டு மழை பெய்தது. என் மேட்டுக்குக் கீழே செல்வி அக்காவின் வயல். தலைமுறையாகக் கூலிக்குக் களையெடுத்த குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்தப் பேருக்கு எழுதிய ஒரு ஏக்கர் அது. என் மண்ணில் வடிந்த தண்ணீர் அங்கேதான் இறங்கியது. வரப்போரம் வெங்காயத் தாள் நுனி கருகிற்று. "திருகல் நோயா இருக்குமா தம்பி?" என்று என்னிடம் வந்து கேட்டாள். தெரிந்தே, "ஆமாக்கா, திருகல்தான். மருந்து அடிங்க" என்றேன். வியாபாரத்தில் பொய்யே சொல்லாதவன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஒரு பொய்யை மூட்டை கட்டி வைக்க முடியவில்லை.

அதை உன்னிடம்தான் உளறினேன். மறுநாள் உன் கல்லாவுக்குப் பக்கத்தில் நாலு டீ கப். என் மேட்டு மண், அக்காவின் வரப்போர மண், அவள் நடு வயல் மண், உன் கடை வாசல் மண். ஒவ்வொன்றிலும் ஒரு வெங்காயம். டீ குடிக்க வந்தவர்கள் எது முதலில் வேர் விடும் என்று பந்தயம் கட்டினார்கள். நாலாம் நாள் உன் வாசல் மண்ணிலும் நடு வயல் மண்ணிலும் வெள்ளை வேர். வரப்போர மண்ணில் ஒரு குட்டை முளை. என் மண்ணில் வேரே இல்லை. அடி பழுப்பேறிக் கிடந்தது.

அப்போது பார்த்து அக்கா வந்தாள். "இதுல எங்க ஊட்டு மண்ணு எது பாய்?" என்றாள்.

நீ சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாய். "நீ சொல்றியா மாப்ள, இல்ல வெங்காயமே சொல்லட்டுமா?"

சொன்னேன். டிப்பர், ஓசி, திருகல் எல்லாவற்றையும்.

"மருந்து அடிக்கச் சொன்னீங்களே தம்பி, உங்க வாயில அடிச்சிருக்கணும்" என்றாள் அக்கா. கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு வாங்க. இதையே அங்கயும் சொல்லுங்க."

நாலு கப்பையும் மடியில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் பெரம்பலூர் பஸ்ஸில் போனோம். "இதுக்கு லக்கேஜ் போடணுமா?" என்றார் கண்டக்டர். "மடியில வர்ற புள்ளைங்களுக்கு ஏதுங்க டிக்கெட்டு?" என்றாய் நீ. ஆபீசில் மனுவைப் படித்த சார், யார் கொட்டியது என்று கேட்டார். "இடம் காட்டினது நான்தாங்க" என்றேன். வெளியே வந்ததும், "தன் மேலயே மனு கொடுத்தவனை இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று என் முதுகில் ஒன்று வைத்தாய். அந்த அடி எனக்குப் பிடித்திருந்தது.

ஒருமுறைக்கு நாலுமுறை அலைந்தபின் மண்ணைச் சோதித்தார்கள். கம்பெனியே வந்து அத்தனையையும் வழித்து எடுத்துப் போனது. வரப்போரம் மட்டும் அக்கா ஒன்றும் நடாமல் விட்டாள். அதற்குப் பதிலாக என் கொல்லையில் நட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருநாள்கூட நன்றி சொன்னதில்லை; சொல்லவும் வேண்டாம்.

இன்று வேர் விட்டிருப்பது அந்த வரப்போர மண்ணில்தான், மாப்ள. ஓடிப்போய்க் காட்டினேன். "வேரு வந்தா போதுமா? லேப்புல சொல்லட்டும், அப்புறம் நடுவோம்" என்கிறாள். என்னைவிட உஷார். இப்போதும் எவனாவது ஓசி மண் என்று வந்தால், "மொதல்ல ஒரு கப்பு கொண்டா" என்கிறேன். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் ஊர் லப்பைக்குடிக்காட்டில் உன்னை அடக்கம் செய்தபோது, எல்லோரையும் போல மூன்று பிடி மண் போட நானும் குனிந்தேன். முதல் பிடியை என்னை அறியாமல் மூக்கருகே கொண்டுபோய்விட்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து உன் மருமகன் தோளைப் பிடித்தான். அழுதேன்தான், அது அப்புறம். முதலில் முகர்ந்து பார்த்தேன்.

நல்ல மண், மாப்ள. வெங்காயம் ஊன்றினால் நாலே நாளில் வேர் விடும்.