ஏரி தெரியும் அறை

தாராவி, ஞாயிறு

அன்பு மகன் சைஃபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நானும் வாப்பாவும் சுகம், நான் உன்னிடம் சொன்ன பொய் ஒன்றுதான் நலமில்லை. வாய்ஸ் மெசேஜில் சொன்னால் பாதியில் சிரித்து மழுப்பிவிடுவேன், அதனால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் என் வெட்கமும் கொஞ்சம் ஆறும்.

எங்கள் கல்யாண நாளுக்கு லோனாவாலாவில் நீ ரூம் போட்டுத் தந்த ஹோட்டலைச் சொர்க்கம் என்றேனே, அது பொய். படத்தில் இருந்த ஏரி, குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறினால் தெரியும். வாப்பா ஏறிப் பார்த்துச் சொன்னார், நான் நம்பினேன். மெத்தை நடுவில் பள்ளம், ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கினோம். மறுநாள் ஐந்து மணிக்கு, நம் சந்தில் தண்ணீர் வரும் நேரத்துக்கு, பழக்கத்தில் விழிப்பு வந்துவிட்டது. கை சும்மா இருக்கவில்லை, பக்கெட், கெட்டில், பாத்டப் என்று எல்லாவற்றையும் நிரப்பிவைத்தேன். வாப்பா, "சபுரா, தாராவியத் தலையில தூக்கிட்டா வந்த?" என்று சிரித்தார். எட்டு மணிக்கு ஹோட்டல் மோட்டார் எரிந்து மாடி முழுக்கக் குழாயில் தண்ணீர் வராமல் போனது. மேனேஜர் "பஸ், ஏக் கண்டா", ஒரே மணி நேரம்தான் என்று மூன்று முறை சொன்னார். அதற்குள் எங்கள் கதவில் வரிசை. புது நைட்டியில் நின்று மொண்டு மொண்டு ஊற்றினேன், இரண்டு பக்கெட்டோடு வந்த ஒரு சேட்டம்மாவிடம் "ஏக் ரூம், ஏக் பால்டி", அறைக்கு ஒரு பக்கெட்தான் என்று சண்டையும் போட்டேன். நம் சந்தின் தண்ணீர் வரிசையை இரண்டு நாள் மறக்கப் போனவள் நான். அந்த நேரத்தில்தான் உன் போன் வந்தது, கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொர்க்கம் என்றேன்.

உன் முதல் சம்பளம், குறை சொல்ல மனசு வரவில்லை. நீயோ அதை நம்பி, அடுத்த மாதம் மேலப்பாளையத்திலிருந்து சம்பந்தம் பேச வரும் சாயிமா வீட்டாருக்கும் அங்கேயே ரூம் போட்டு, பேச்சையும் அங்கேயே வைத்துவிட்டாய். அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். நம் ஒற்றை அறையை அவர்கள் பார்க்க வேண்டாமே என்று நினைத்தேன். பி.ஏ. படித்த எனக்கு, பெண் கொடுக்கிறவர்கள் வீடு பார்க்கத்தானே வருகிறார்கள் என்ற புத்தி இல்லை.

நேற்று சாயிமாவின் உம்மாவுக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "மைனி, வர்றதா வேண்டாமான்னே யோசிச்சிட்டிருந்தோம். வீட்டக் காட்ட மாட்டேங்காவளே, என்னத்தையோ மறைக்காவன்னு அவ வாப்பாவுக்குச் சங்கடம்" என்றார். ஒற்றை அறைதான், மாடிக்கு ஏணிதான் என்றேன். "இருக்கட்டும், எங்களுக்கு ஏறத் தெரியும்" என்றார்.

புதன்கிழமைக்குள் அந்த ரூமை ரத்து செய்துவிடு. அவர்கள் இரவு படுக்கப் பக்கத்து வீட்டு மாலதி தன் அறையைத் தருகிறாள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் சாயிமாவையும் தரட்டும். இனி உம்மா எதையாவது நன்றாக இருந்தது என்று சொன்னால், இரண்டாவது தடவையும் கேள்.

துஆவுடன்,
உன் உம்மா
சபுரா