தனியாக எடுத்து வைத்த பொங்கல்

அன்பு மகன் அரவிந்துக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், நீயும் புனேயில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். நீ எழுதியது வந்து மூன்று வாரமாகிறது, பதில் போட இப்போதுதான் தெம்பு வந்தது. போனில் சொன்னால் பாதியிலேயே ஜெபம் பண்ணலாம்மா என்று ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் லெட்டர்.

கந்தர்வக்கோட்டையில் செங்கமலம் பெரியம்மா மகள் ராஜலட்சுமி கல்யாணம் போன வாரம் நல்லபடியாக முடிந்தது, நல்ல கூட்டம். அப்பாவும் நானும் பந்தியில் உட்காரப் போனோம், பெரியம்மா வந்து என் கையைப் பிடித்து ஓரமாக ஒரு மேசைக்குக் கூட்டிப்போய் ஹோட்டல் பார்சல் இரண்டை வைத்தது. ஒங்களுக்குத்தான் எங்க அடுப்புச் சோறு ஆகாதே, புதுக்கோட்டையிலேருந்து வாங்கியாரச் சொன்னேன், தைரியமாச் சாப்பிடுங்க என்றது, அத்தனை பேர் காதிலும் விழ. அப்பா பிரிக்காமலே எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். நான் தின்றேன்.

பொங்கலுக்கு நீ லீவில் வந்தபோது பெரியம்மா வீட்டில் செய்ததற்குத்தான் இது. நாம் ஞானஸ்நானம் எடுத்த வருஷத்திலிருந்து, சாமிக்குப் படைக்கும் முன்னாலேயே நமக்கென்று ஒரு தூக்குச்சட்டியில் பொங்கலைத் தனியாக எடுத்து மூடி வைப்பது பெரியம்மா வழக்கம், பதினொரு வருஷமாக. உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. நீ அந்தப் பொங்கல் வைத்த தட்டைத் தள்ளிவிட்டு, விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடமாட்டேன் என்று சொல்லி, இந்த வீட்டு இருள் நீங்கட்டும் என்று கண்ணை மூடிச் சத்தமாக ஜெபம் பண்ணினாய். பெரியம்மா கரண்டியோடு அப்படியே நின்றது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில் எழுந்து என் மகன் எப்படி நின்றான் பாருங்கள் என்று சாட்சி வேறு சொன்னேன், எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள், இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. இப்போது நீயும் அதையே அங்கே சபையில் சொன்னாயாம், கேட்டவர்கள் அழுதார்களாம், பெரியம்மா குடும்பம் இரட்சிக்கப்பட ஜெபியுங்கள் என்று எனக்கே எழுதுகிறாய். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றுவிட்டு நான் காலேஜ் பரீட்சை எழுதப் போனபோது, மூன்று மணி நேரம் கேட்டுக்கு வெளியே வெயிலில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது, நீ இருளில் இருப்பதாகச் சொல்கிற அந்தப் பெரியம்மாதான்டா.

கை கழுவுகிற இடத்தில் மன்னிச்சிரு அக்கா என்றேன். அவன் சின்னப்பய, ஏதோ பேசிட்டான், நீ படிச்சவதானே, அக்கா தனியாத்தான் எடுத்து வச்சுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்ல ஒன் வாயில என்னடி அடைச்சிருந்துச்சு என்று கேட்டது. சபையில் எழுந்து தப்பை ஒத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். யோசிக்கும்போதே, இந்தச் சகோதரிக்கு எவ்வளவு தாழ்மை என்று அவர்கள் சொல்லப்போவது காதில் கேட்டது, கேட்க இனிப்பாகவும் இருந்தது. அப்போதுதான் பயந்துபோனேன். குடிக்கிறவனையாவது வாடை காட்டிக்கொடுக்கும், நமக்கு ஏறியிருக்கும் இந்தப் போதை நமக்கே தெரியாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ரெயின்கோட் இல்லாமல் வண்டி எடுக்காதே. ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்து, என்னைப் போல ஆகிவிடாமல் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவுக்குப் போன் பண்ணு. வசனம் வேண்டாம், ஜெபம் வேண்டாம், தப்பு என் மேலதான் பெரியம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு, அது திட்டுவதை முழுசாகக் கேள். எடுக்காவிட்டால் மறுபடியும் பண்ணு. அப்புறம் மறக்காதே, மன்னிப்புக் கேட்டதைக் கொண்டுபோய் அங்கே சாட்சியாகச் சொல்லிவிடாதே.

உன் அம்மா,
புவனேஸ்வரி