யாருக்காக வெட்டிய கூந்தல்

குரோ கிரீக் முகாம், டகோட்டா பிரதேசம்
ஜூன் 1865

டாவன்போர்ட் சிறையிலிருக்கும் என் கணவர் ஹெபானுக்கு, வான்ஸ்கே மனதால் உங்கள் கையைப் பற்றிக்கொண்டு எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. இருமல் இன்னும் விடவில்லை என்று தெரிந்தது. கொடுக்கிற கஞ்சியையும் பாதி மிச்சம் வைக்கிறீர்களாமே? உங்கள் பக்கத்துப் படுக்கைக்காரர் தம் மனைவிக்கு எழுதிவிட்டார். இங்கே யாராவது மிச்சம் வைத்தால் அடிதடியே நடக்கும். இந்த மண்ணில் சோளம் முளைக்கவில்லை, வேட்டையாடக் காட்டெருமைகளும் வரவில்லை. சிப்பாய்கள் கோட்டையில் கொடுக்கிற கூழில் புழு மிதக்கிறது. அதையும் குடிக்கிறோம். நீங்கள் சாப்பிட வேண்டும்.

நாம் தாத்தா என்று அழைத்த ஜனாதிபதி லிங்கனைச் சுட்டுவிட்டார்கள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். போன மாதம் பாதிரியார் எங்களைக் கூட்டி, "மூணு வருஷத்துக்கு முன்ன வெள்ளைக்காரங்களோட நடந்த சண்டைக்காகத் தூக்குத் தண்டனை கிடைச்ச உங்க டகோட்டா ஜனங்க முந்நூறு பேர்ல பெரும்பாலானவங்களை உயிரோட விட்டவர் அவர். உங்க புருஷனுங்களை விடுதலை பண்ணவும் அவரைத்தான் நம்பியிருந்தோம். அழுங்கம்மா" என்றார். உங்களை யார் விடுவிப்பார்கள் என்று நானும் யோசித்தேன். ஆனால் கண்ணீர் வரவில்லை. ஊரைவிட்டு எங்களை இந்த வறட்டு மேட்டில் தள்ளியதும் அவருடைய ஆட்சிதானே.

உங்கள் தங்கை ஹப்பிஸ்தி எழுந்து நின்றாள். "முப்பத்தெட்டுப் பேரைத் தூக்குல போடுன்னு எழுதினதும் அதே கைதான், ஐயா. அதுல என் வீட்டுக்காரரும் ஒருத்தர். செத்தவங்களுக்கு வெட்டுற எங்க வழக்கப்படி அவருக்காக முடியை வெட்டிட்டேன். திரும்ப வளர்ந்தது இவ்வளவுதான். தாத்தாவுக்குக் குடுக்க இதுல ஒண்ணும் இல்லை" என்றாள்.

பாதிரியார் என்னைப் பார்த்தார். நான் மேற்கே கிழங்கு தோண்டப் போயிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். என் கூந்தல் காதோடு வெட்டியிருந்தது. "பாருங்க, வான்ஸ்கே நன்றி மறக்கலை" என்றார். 

வெளியே வந்ததும் ஹப்பிஸ்தி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அந்த ஆளுக்கா வெட்டினே அண்ணி? வெட்கமா இல்லை உனக்கு?" என்றாள். அப்புறம் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "நம்ம வினோனா எங்கே?" என்று கேட்டாள்.

காதோடு வெட்டிய முடியைத் தொட்டுக் காட்டினேன்.  அவள் தன் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, தாத்தாவுக்குக் கொடுக்க மாட்டேன் என்ற அந்தக் கொஞ்ச முடியையும் அறுத்துப் போட்டாள்.

ஓடைக்கரையில் நல்ல இடமாகப் பார்த்துத்தான் மகளை வைத்திருக்கிறேன். காய்ச்சலில் உங்களைத்தான் கேட்டாள். வந்துகொண்டே இருக்கிறார் என்று சொன்னேன்.

சிறையில் உங்கள் எல்லாருக்கும் தலையை ஒட்ட வெட்டிவிட்டார்களாம். அதனால் அவளுக்காக வெட்ட உங்களிடம் ஒன்றுமில்லை. துக்கத்துக்காக உடம்பைக் கீறிக்கொள்ளவும் வேண்டாம். அந்தக் கஞ்சியை முழுதாகக் குடியுங்கள். நான் அவளிடம் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

உங்கள் கையை விடாமல்,
வான்ஸ்கே